பால் குடிக்கும் பேருந்து

சான் எலாடியோ நகரத்துக் குடிமக்கள் பதிவு அலுவலகத்தில், அந்த வருடம் ஜூன் முதல் தேதியிலிருந்து, பொதுமக்கள் சொல்வதைப் புரிந்துகொள்ளும் பொறுப்பிலிருந்து அலுவலர்கள் அனைவரும் முறைப்படி விடுவிக்கப்பட்டார்கள்.

சுற்றறிக்கை தலைநகரிலிருந்து வந்தது. மூன்று பக்கம். மனு கொடுக்க வருகிறவர் சொல்வதை ஓர் அலுவலர் ஒரு விதமாகவும் இன்னோர் அலுவலர் வேறு விதமாகவும் புரிந்துகொள்வதால் நிர்வாகத்தின் சீர்மை கெடுகிறது என்றும், ஆகவே புரிந்துகொள்ளுதல் என்னும் பணி இனி ஓரிடத்தில் மையப்படுத்தப்படுகிறது என்றும் அதில் கண்டிருந்தது. அலுவலர்கள் யாரும் வருத்தப்படவில்லை. உள்ளபடி சொன்னால் அந்த வேலையை அவர்கள் விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. இப்போது அதற்கு ஆணை கிடைத்தது, அவ்வளவுதான்.

அவர்களுக்குப் பதிலாகப் புரிந்துகொள்ள வந்த இயந்திரத்தின் முழுப்பெயர் 'பொதுமக்கள் வாய்மொழி நுண்புரிதல் அமைப்பு'. ஆள் உயரம், சாம்பல் நிறம். பேசுவதற்கு ஒரு ஒலிவாங்கி, சீட்டு வருவதற்கு ஒரு வாய். அலுவலகத்தில் அதை 'நுண்புரிதல்' என்றார்கள். வரிசையில் நின்றவர்கள் 'பெட்டி' என்றார்கள்.

மூன்றாவது வாரத் திங்கட்கிழமை சோய்லா தெனெசாகா வரிசையில் வந்து நின்றாள். சந்தையில் வேகவைத்த சோளமும் சுட்ட பன்றிக்கறியும் விற்கிறவள். இருபத்தாறு வயது. புருஷன் டெல்ஃபின் நியூ ஜெர்சியில் கூரை ஓடு பதிக்கிற வேலையில் இருந்தான். அவளுக்கு மூன்று மாதத்தில் ஒரு பெண் குழந்தை. பெயர் பெலேன். பிறக்கும்போதே மேலுதடு நடுவில் பிளந்திருந்தது. ஜூலை முதல் வாரத்தில் வெளிநாட்டு டாக்டர்கள் மாகாணத் தலைநகர் ஆஸ்பத்திரிக்கு வந்து இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை செய்வார்கள். வருடத்துக்கு ஒரே ஒரு வாரம். பெயர் கொடுக்க அரசாங்க எண் வேண்டும். எண் வாங்கத்தான் வந்திருந்தாள்.

ஜன்னலில் இருந்த எழுத்தர் ரோமுலோ அவளுக்குப் பக்கத்து வீடு. பெலேன் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்குக் கோழிச்சாறு கொண்டு போனவன்.

"எனக்கு எல்லாம் தெரியும்க்கா," என்றான். "ஆனா எனக்குத் தெரிஞ்சது இப்ப செல்லாது. பெட்டிகிட்டதான் சொல்லணும்."

சோய்லா ஒலிவாங்கியின் முன்னால் நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"என் வாவாவைப் பதியணும். மார்ச் பன்னெண்டு டெலிவரி ஆச்சு. வீடு பஸ் நிலையத்துக்குப் பின்னாடி. இவங்கப்பா வெளிநாட்டுல இருக்காரு."

அந்த ஊர் இருக்கும் மலைநாட்டில் கைக்குழந்தைக்கு வாவா என்றுதான் பெயர். பாதிரியாருக்கும் வாவா, போலீஸ்காரருக்கும் வாவா, பிச்சைக்காரிக்கும் வாவா. வேறு சொல்லைச் சொன்னால் ஆள் வெளியூர் என்று அர்த்தம். ஆனால் கடல் தாண்டித் தீவுகளுக்குப் போனால் அதே பாஷையில் வாவா என்றால் பேருந்து. அங்கே வாவாவில் ஏறுவார்கள், வாவாவைத் தவறவிடுவார்கள், வாவா லேட் என்று திட்டுவார்கள். இந்தச் செய்தி சோய்லாவுக்குத் தெரியாது. பெட்டி அந்தத் தீவு ஒன்றில் செய்யப்பட்டது என்பதும் அவளுக்குத் தெரியாது.

பெட்டி சீட்டை நீட்டியது.

'வாகனப் பதிவு. வகை: பயணிகள் பேருந்து. உரிமையாளர்: சோய்லா தெனெசாகா. ஒப்படைக்கப்பட்ட நாள்: மார்ச் 12. நிறுத்துமிடம்: பேருந்து நிலையத்தின் பின்புறம். தயாரிப்பு: வெளிநாட்டுப் பங்களிப்புடன். எட்டு நாளுக்குள் வாகன ஆய்வாளர்முன் நேரில் ஆஜர்படுத்தவும்.'

சோய்லா இரண்டு தடவை படித்தாள். முதுகுச் சால்வையிலிருந்த பெலேனை அவிழ்த்து முன்னால் பிடித்துக்கொண்டு ரோமுலோவைப் பார்த்தாள்.

"தம்பி, இது என்ன?"

"குழந்தைக்கா."

"அதை இந்தச் சீட்டுல எழுது."

"எழுதினா என் வேலை போயிரும். 'சொந்தப் புரிதலைப் புகுத்துதல்'னு ஒரு குற்றம் புதுசா வந்திருக்கு."

அலுவலகத் தலைவர் எஃப்ராயின் விந்திமியாவிடம் அவளை அனுப்பினான். அவர் எப்போதோ சாக்கடைத் திட்டம் ஒன்றுக்கு வரைபடம் போட்டவர். அந்தச் சாக்கடை கட்டப்படவில்லை. ஆனால் 'இன்ஜினியர்' என்ற பட்டம் நிலைத்துவிட்டது. பட்டம் சொல்லாமல் கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது.

"இன்ஜினியர், என் குழந்தையைப் பஸ்ஸுன்னு போட்டிருக்கு."

விந்திமியா சீட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். விழுந்திருந்தது. அவருக்குத் திருப்தி. உள்ளே உட்கார்ந்திருந்த ஆலோசகர் மக்சிமோவைக் கூப்பிட்டார். இயந்திரத்தை விற்ற கம்பெனியின் ஆள் அவன். கோட்டு போட்டு, கீழே ஓட்டப்பந்தயக் காலணி போட்டிருந்தான். அது அந்த வருடத்து மோஸ்தர். எங்கேயும் ஓடிப் பார்த்ததில்லை.

"தவறு ஒண்ணும் இல்லைம்மா," என்றான் மக்சிமோ இரக்கத்தோடு. "ஒரு சொல்லுக்குத் தனியா அர்த்தம் கிடையாது. பக்கத்துல என்னென்ன சொல் நிக்குதுன்னு பார்த்துத்தான் அர்த்தம் தெரியும். இதுக்குச் சூழல்னு பேரு. நீங்க என்ன சொன்னீங்க? டெலிவரி. பஸ் நிலையம். வெளிநாடு. இந்தச் சூழல்ல வாவான்னா என்ன? நீங்களே சொல்லுங்க."

"என் கையில இருக்கிறதுதான்."

"அமைப்புக்குக் கண் கிடையாது."

"உங்களுக்கு இருக்கே."

மக்சிமோ சிரித்தான். "என் கண் இதுல இணைக்கப்படலையே."

"அதுக்குப் பாஷையை யார் சொல்லிக் குடுத்தா?"

"ரெண்டு கோடி மனு படிச்சிருக்கு."

"எங்க ஊர் மனுவா?"

"தீவுகள்ல எழுதின மனு. அங்கதான் மலிவாக் கிடைச்சுது. ஆனா பாஷை ஒண்ணுதானே?"

விந்திமியா குறுக்கே பேசினார். "உன் மேலதான் குறை. பெட்டியண்டை போய் நாலு வார்த்தையில முடிச்சா அது என்ன பண்ணும்? சூழல் குடு. நிறையச் சூழல் குடு."

அப்போது ஊரெல்லாம் அந்தச் சொல்தான். மக்சிமோ வந்து மேயர் முன்னால் ஒரு மணி நேரம் படம் காட்டிப் பேசியதிலிருந்து சான் எலாடியோவில் எல்லோரும் சூழலைப் பிடித்துக்கொண்டார்கள். மேயர் தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம் சூழலோடு பார்க்கச் சொன்னார். முடிதிருத்தும் கடையில் 'சூழலுக்கேற்ற வெட்டு' என்று பலகை தொங்கியது. சாதா வெட்டைவிட அரை டாலர் கூட. ஞாயிறு பூசையில் பாதிரியார், பத்துக் கட்டளைகளில் நாலைச் சூழலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். எந்த நாலு என்று சொல்லவில்லை. எல்லோரும் தங்களுக்கு வேண்டிய நாலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

சோய்லா மறுநாள் காலையிலேயே போனாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். பெட்டியிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"என் வாவா பால் குடிக்கும். ராத்திரி விடாம அழும். நாலு கிலோ இருக்கும். முன்பக்கம் பிளந்திருக்கு, அதைச் சரி பண்ணத்தான் எண் கேக்கிறேன்."

இதற்கு மேல் ஒரு தாய் என்ன சூழல் கொடுக்க முடியும்? பெட்டி அரை நிமிடம் யோசித்தது. இந்தத் தடவை சீட்டு நீளமாக வந்தது.

'கூடுதல் விவரங்கள் பெறப்பட்டன. ஒன்று: வாகனம் பால் ஏற்றுவதாகத் தெரிகிறது. பயணிகள் வாகனத்தில் பால் ஏற்றத் தனி உரிமம் தேவை. இரண்டு: இரவில் ஒலிப்பான் கோளாறு. குடியிருப்புப் பகுதியில் அமைதி கெடுவதற்கு எச்சரிக்கை. மூன்று: எடை நாலு கிலோ என்பது எழுத்துப் பிழை, நாலு டன் எனத் திருத்தப்பட்டது. நான்கு: முகப்பில் பிளவு. முன்பக்கம் உடைந்த வாகனத்துக்கு எண் வழங்க இயலாது. பழுது நீக்கியபின் விண்ணப்பிக்கவும்.'

சோய்லா நாலாவது வரியிலேயே நின்றுவிட்டாள். எண் இல்லாமல் உதட்டைத் தைக்க மாட்டார்கள். உதட்டைத் தைக்காமல் எண் தர மாட்டார்கள். முதல் நாள் அவளுக்குச் சிரிப்பும் கோபமும் கலந்து வந்திருந்தது. இப்போது சிரிப்பு வரவில்லை; சீட்டை மடித்து இடுப்பில் செருகினாள்.

திரும்பவும் ஒலிவாங்கியைப் பிடித்தாள். வாவா என்ற சொல்லையே விட்டுவிட்டாள். "இது என் மகள். என் பொண்ணு. பேரு பெலேன். என் வயித்துல பத்து மாசம் சுமந்து பெத்தேன்."

பெட்டி உடனே பதில் கொடுத்தது. 'விண்ணப்பதாரர் பேருந்து உரிமையாளர் எனக் கோப்பில் உள்ளது. உரிமையாளர்கள் தங்கள் வண்டியை மகள் என அழைப்பதும், பெண்பெயர் சூட்டுவதும், அதற்காகத் தாங்கள் பட்ட பாட்டை விவரிப்பதும் வழக்கமே. குறித்துக்கொள்ளப்பட்டது. பெயர்ப்பலகை: பெலேன்.'

"பாத்தீங்களா?" என்றான் மக்சிமோ, விந்திமியாவிடம். அவன் குரலில் உண்மையான பெருமிதம் இருந்தது. "முந்தி சொன்னதையும் ஞாபகம் வச்சு அர்த்தம் பண்ணுது. வேற எந்தக் கம்பெனி அமைப்பும் இதைச் செய்யாது."

"புதுசா வேற கோப்பு தொடங்குங்க," என்றாள் சோய்லா.

"ஒரே ஆள் பேர்ல ரெண்டு கோப்பு சட்டவிரோதம்," என்றார் விந்திமியா. "அதோட பஸ்ஸுக்காரி ஒருத்தி குழந்தைன்னு சொல்லிப் பதிய வந்தா என்ன அர்த்தம்? வரி ஏய்ப்புன்னு அர்த்தம். ஏதோ நம்ம ஊர் பொண்ணுன்னு சும்மா விடறேன்."

எட்டாவது நாள் அவள் வாகன ஆய்வுக் களத்துக்குப் போனாள். போகாவிட்டால் வாகனத்தைப் பறிமுதல் செய்வோம் என்று சீட்டின் அடியில் இருந்தது. எந்த வாகனத்தை என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒரு வரி அவளை நாலு நாள் தூங்கவிடவில்லை. ஊரில் எல்லோரும் சிரித்தார்கள், அப்படியெல்லாம் செய்வார்களா என்று. செய்ய மாட்டார்கள் என்று சொல்லத் தைரியமான ஆள் ஒருத்தரும் இல்லை.

ஆய்வாளர் கலோ வயதானவர், பருமனானவர், நல்லவர். பெலேனைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். பிறகு பதிவேட்டைத் திறந்தார். அவருடைய பதிவேடும் பெட்டியோடு இணைக்கப்பட்டிருந்தது. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அடுத்த பக்கம் திறக்காது.

"கோவிச்சுக்காதே தாயி. விளக்கு எத்தனை?"

"ரெண்டு கண்ணு."

"ரெண்டு. எரியுது," என்று எழுதினார். "பிரேக்?"

"கிடையாது."

"நிறுத்தினா நிக்குமா?"

"அதுவா தூங்கினாத்தான்."

"'அவ்வப்போது'ன்னு போடறேன். புகை?"

சோய்லா குழந்தையின் துணியை அவிழ்த்து மாற்றினாள். கலோ மூக்கைத் தடவிக்கொண்டு 'அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல்' என்று எழுதினார். அவர் வேலையில் பொய் எழுதுகிறவர் இல்லை.

"சக்கரம் எத்தனை?"

"என்ன ஐயா கேக்கிறீங்க? சக்கரமே இல்லை."

"இல்லைன்னு எழுத இடம் இல்லைம்மா. எத்தனைன்னுதான் கேக்குது."

"அப்ப சைபர் போடுங்க."

"சைபர் போட்டா திருட்டுப் போச்சுன்னு எடுத்துக்கும். போலீஸ் வந்து விசாரிக்கும். உனக்கு எதுக்கு அந்தத் தொல்லை? நாலு போடறேன். கையும் காலும் சேர்ந்து."

கடைசிக் கட்டம் முகப்பு. கலோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பெலேன் அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. பிளந்த உதடு இரண்டு பக்கமும் விரிந்தது, அது சிரிப்பு. ஆய்வாளர் நிமிர்ந்து, வேறு பக்கம் திரும்பி, 'உடைந்துள்ளது' என்று எழுதினார்.

"மன்னிச்சுக்கோ," என்றார். "பார்த்ததைத்தான் எழுத முடியும்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர்கள் வர ஆறு நாள் இருந்தது. அப்போது களத்துக்குள் ஒரு நிஜப் பேருந்து வந்து நின்றது. முன்கண்ணாடி சுக்குநூறு. மாடு ஒன்று குறுக்கே வந்ததாம். ஓட்டுநர் இறங்கி, வாசலில் இருந்த சின்னப் பெட்டியிடம் கடகடவென்று எதையோ சொன்னான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சீட்டோடு திரும்பினான்.

சோய்லா எழுந்து போய்க் கேட்டாள். "அண்ணே, முன்பக்கம் உடைஞ்ச வண்டிக்கு எண் தர மாட்டாங்களாமே?"

"தர மாட்டாங்க. ஆனா அவசரப் பழுது ஆணைன்னு கேட்டா உடனே தருவாங்க. தற்காலிக எண் அதுலயே இருக்கும். பயணிகள் காத்திருக்காங்கன்னு ஒரு வார்த்தை போட்டுரணும். பொதுப் போக்குவரத்து நிக்கக் கூடாதில்ல?" அவன் அவள் கையில் இருந்ததைப் பார்த்தான். "உன் வண்டி எங்க?"

"இதான்," என்றாள்.

அவள் நேராகப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். ஒலிவாங்கியின் முன்னால் போய் நின்றாள். ஒரு வாரமாக உலகத்தோடு எதற்காகச் சண்டை போட்டாளோ அதையே தன் வாயால் மறுக்க வேண்டியிருந்தது. குழந்தைக்கு ஒன்றும் புரியாது என்று தெரிந்தும், சால்வையின் நுனியை இழுத்து அதன் காதை மூடினாள்.

"என் வாவாவுக்கு முன்பக்கம் உடைஞ்சிருக்கு. பயணிகள் காத்திருக்காங்க. ஜூலை மூணாம் தேதிக்குள்ள சரி பண்ணணும். வேலை தெரிஞ்ச ஆளுங்க தலைநகர் ஆஸ்பத்திரியில இருக்காங்க."

பெட்டி யோசிக்கவே இல்லை. 'அவசரப் பழுது ஆணை. தற்காலிக எண் வழங்கப்பட்டது. பணிமனை: மருத்துவமனை. பொதுப் போக்குவரத்து எக்காரணத்தாலும் தடைபடலாகாது. வழியிலுள்ள அனைத்து அலுவலகங்களும் முன்னுரிமை அளிக்கவும்.'

முன்னுரிமை என்றால் என்ன என்பதை அவள் வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சேர்க்கையிலும் ஒரு பெட்டி இருந்தது. சீட்டை உள்ளே விட்டதும் கதவு திறந்தது. வெளியே எண்பது தாய்மார்கள் பிறப்புச் சான்றும் ஏழு நகலும் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

நர்ஸ் தாளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "பயணிகள் பேருந்துன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"இருக்கை எத்தனை?"

"ஒண்ணு."

நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

அறுவை சிகிச்சை செய்த டாக்டருக்கு அந்த நாட்டுப் பாஷையே தெரியாது. தாளை அவர் படிக்கவில்லை. விளக்கை இழுத்துக் குழந்தையைப் பார்த்தார், கை கழுவினார், தைத்தார். அந்த ஒரு மாதத்தில் பெலேனைக் குழந்தை என்று ஒத்துக்கொண்ட அரசாங்க மேஜை அது ஒன்றுதான். அடுத்த வருடம் அண்ணத்துக்கு இன்னொரு சிகிச்சை வேண்டும் என்றும் அவர் சொல்லி அனுப்பினார்.

சந்தையில் ஒரு செய்தி பரவ ஒரு தட்டுச் சோளம் தின்கிற நேரம் போதும். சோய்லா கடையில் தட்டு வைத்தவர்கள் எல்லோரும் குழந்தையின் உதட்டைப் பார்த்தார்கள், விவரம் கேட்டார்கள். அவளும் ஒளிக்கவில்லை. குழந்தை என்று தெளிவாகச் சொல்லிப் பதிந்தால் ஏழு நகல், இரண்டு சாட்சி, நாற்பது நாள். வாவா என்று சொல்லி, பஸ் நிலையத்தை ஒட்டி ஒரு முகவரியும் கொடுத்தால் மூன்று நாளில் எண், வருடத்துக்கு ஒரு இலவசப் பழுதுபார்ப்பு, எல்லா அலுவலகத்திலும் முன்னுரிமை. கணக்குத் தெரியாதவர்களுக்கும் இது புரிந்தது. செப்டம்பர் முடிவதற்குள் சான் எலாடியோவில் நாற்பத்தொரு பேருந்துகள் பிறந்தன. அதில் ரெட்டைப் பேருந்து ஒரு ஜோடி. ரோமுலோவின் அக்கா பிள்ளையும் ஒன்று.

புள்ளிவிவரம் தலைநகருக்குப் போனது. பிறப்பு: இல்லை. பொதுப் போக்குவரத்து: மாகாணத்திலேயே முதலிடம். விந்திமியாவுக்கு 'நகர்வுத்திறன் நாயகர்' பதக்கம் வந்தது. அவர் அதைக் குளிக்கும்போது மட்டும் கழற்றினார். குழந்தையே இல்லாத ஊருக்கு எதற்கு என்று சுகாதார நிலையத்திலிருந்து தடுப்பூசிப் பெட்டியையும் எடை பார்க்கும் தொட்டிலையும் எடுத்துப் போனார்கள். பதிலுக்கு ஒரு டீசல் தொட்டி வந்தது. மக்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் முன்னுரிமையை விட மனசு வரவில்லை. டீசலை லாரிக்காரர் ஒருத்தர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார்.

அக்டோபரில் மக்சிமோ திரும்பி வந்தான். காலில் இந்தத் தடவை கம்பளிச் செருப்பு, மோஸ்தர் மாறியிருந்தது. வேறு மலையூர்களிலிருந்து புகார் போனதால் கம்பெனி பெட்டிக்கு மலைநாட்டு எழுத்துக்களை வாங்கிப் படிக்க வைத்திருந்தது. கல்யாணப் பத்திரிகை, பஞ்சாயத்துத் தீர்ப்பு, தாலாட்டு, கடைக்காரர் சண்டை, எல்லாம். இனிப் பிழை வராது என்றான். பேருந்தாகப் பதியப்பட்ட நாற்பத்தொன்றையும் நேரில் கொண்டுவந்து திருத்திக்கொள்ளும்படி அறிவிப்பு ஒட்டினார்கள்.

வரிசையில் சோய்லாதான் முதல் ஆள்.

"என் வாவா," என்று தொடங்கினாள். அதற்குள் சீட்டு வந்துவிட்டது.

'வாவா: கைக்குழந்தை. பெண். இது பேருந்து அல்ல. நேர்ந்த தவறுக்கு வருந்துகிறோம். பிறப்புப் பதிவுக்கு ஏழு நகல், இரண்டு சாட்சி. நாற்பது நாள் காத்திருக்கவும். பழுதுபார்ப்பு முன்னுரிமை ரத்து.'

சோய்லா சீட்டைப் படித்தாள். முதல் வரியைப் படித்தபோது கண் கலங்கியது. நாலு மாதமாக அவள் கேட்டது அந்த ஒரு வரிதான். பிறகு கடைசி வரியைப் படித்தாள். அண்ணத்து சிகிச்சை நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்திருந்த எண்பது பேர் நினைவுக்கு வந்தார்கள்.

"தப்பா வந்திருக்கு," என்றாள்.

ரோமுலோ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். "அக்கா, இப்பத்தான் சரியா வந்திருக்கு."

"சரியா வந்து எனக்கு என்ன தம்பி ஆகப்போகுது? இது பஸ்ஸு."

பெலேன் கொட்டாவி விட்டது. ரோமுலோ அதைப் பார்த்தான். பிறகு வரிசையில் ஏழாவதாகத் தன் அக்கா நிற்பதைப் பார்த்தான். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, "பஸ்ஸு மாதிரிதான் இருக்கு," என்றான்.

அதற்குள் வரிசை கலைந்து கூட்டமாகிவிட்டது. ஒருத்தர் குழந்தையையும் பெட்டி பேருந்து என்று சொல்லவில்லை. மலைநாட்டு மக்களின் பேச்சைத் தீவுக்காரன் பெட்டி புரிந்துகொள்ளவில்லை என்று கோஷம் எழுந்தது. அது இருந்த இத்தனை மாதத்தில் முதல் தடவையாகச் சரியாகப் புரிந்துகொண்ட நாள் அது.

விந்திமியா வெளியே வந்தார். நாற்பத்தொரு பேருந்தும் போய்விட்டால் பதக்கமும் போய்விடும் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. பெஞ்சில் ஏறி நின்று, மக்களின் உணர்வை மதிக்கிறேன் என்றார். புகார் மனுவை அவரே எழுதினார். அவர் கையால் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது.

'இந்நகரத்தில் பேருந்து என்பது பால் குடிக்கும், அழும், நாலு கிலோ முதல் எட்டுக் கிலோ வரை இருக்கும், தாயின் முதுகில் பயணம் செய்யும். இதுவே எங்கள் வழக்கு. சூழல் அறியாத இயந்திரம் எங்கள் மொழியை அவமதிக்கிறது.'

முதல் கையெழுத்து சோய்லாவுடையது. கூடவே கலோ, நிபுணர் என்ற முறையில். ரோமுலோ, அரசு ஊழியர் என்ற முறையில். பாதிரியார், பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாவது கட்டளையைச் சூழலில் வைத்துப் பார்த்து. மேயரும் போட்டார். கூட்டம் இருந்த இடத்தில் கையெழுத்துப் போடாமல் அவர் போனதில்லை. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு.

மக்சிமோ ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. மக்கள் எப்படிப் பேசுகிறார்களோ அதிலிருந்து கற்றுக்கொள்வதற்குத்தான் பெட்டி செய்யப்பட்டிருக்கிறது என்றான். மனுவை உள்ளே விட்டான். பெட்டி அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் சொன்னதையும் படித்தது. 'புரிந்தது. பிழை திருத்தப்பட்டது' என்று அச்சடித்தது. சோய்லாவுக்கு அவள் பேருந்து திரும்பக் கிடைத்தது. வாசலில் பட்டாசு வெடித்தார்கள்.

மறுநாள் மலைமேல் வாரச்சந்தை கூடும் நாள். விடிந்ததும் பஸ் நிலையத்தில் பதினோரு வண்டிகள் மலையூர்களுக்குப் புறப்படத் தயாராக நின்றன. வாசல் தடுப்புக் கம்பி மேலே போகவில்லை. பக்கத்திலிருந்த பெட்டியிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே மாதிரிச் சீட்டு வந்தது.

'இது பேருந்து அல்ல. பால் குடித்ததற்கான சான்று இல்லை. எடை அனுமதிக்கப்பட்டதைவிட ஆயிரம் மடங்கு அதிகம்.'

ஓட்டுநர்கள் விந்திமியாவைத் தேடிப் போனார்கள். அவரும் அங்கேதான் இருந்தார், வண்டிக்காக நின்றுகொண்டு. தலைநகரில் பதக்கத்தோடு படம் பிடிக்க வரச் சொல்லியிருந்தார்கள். ஓட்டுநர் ஒருவன் ஒலிவாங்கியின் முன்னால் ஒலிப்பானை விடாமல் அழுத்தி அழவைத்துக் காட்டினான். பெட்டி அழுகையை ஏற்றுக்கொண்டது. இன்னொருவன் ரேடியேட்டரில் இரண்டு லிட்டர் பால் ஊற்றினான். அதையும் ஏற்றுக்கொண்டது. பிறகு, தாயின் முதுகில் ஏற்றிக் காட்டவும் என்றது.

கலோவைக் கூட்டிவந்தார்கள். அவர் பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "ஊர் மொத்தமும் கையெழுத்துப் போட்டிருக்கு," என்றார். "என்னுதும் இருக்கு."

எட்டு மணிக்கு வெயில் ஏறத் தொடங்கியது. இனிக் காத்திருந்தால் சந்தை போய்விடும் என்று சோய்லா சோள அண்டாவைத் தலையில் தூக்கிவைத்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் மூட்டைகளை எடுத்தார்கள். ரோமுலோ அக்கா பிள்ளையை வாங்கிக்கொண்டான். விந்திமியா, மேலே நெடுஞ்சாலையில் தலைநகர் வண்டி கிடைக்கும் என்று, சட்டையில் பதக்கத்தைச் சரிசெய்துகொண்டு கடைசியாக வந்தார். பதினோரு கிலோமீட்டர், ஏற்றம். சான் எலாடியோ மக்கள் எல்லோரும் தங்கள் பேருந்துகளை முதுகில் கட்டிக்கொண்டு நடந்து போனார்கள்.